வழி சொல்ல ஓர் ஆள்

டிக்கோயா
14.6.1965

ஆசை மகள் நாகலெட்சுமிக்கு அம்மா எழுதுவது.

உன் அண்ணன் பொன்னையாவின் பிள்ளைகள் நம் தலையை நிமிர வைத்துவிட்டார்கள். கணேசமூர்த்தி அட்டன் பள்ளிக்கூடத்தில் வகுப்பிலேயே முதலாவது. ஜெயலெட்சுமி ஓட்டப் பந்தயத்தில் வெள்ளிக் கிண்ணம் வாங்கினாள். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் மகள் அவளுக்குப் பின்னால்தான் வந்தாள். சின்னவன்கூடத் துரைக்கு முன்னால் பயப்படாமல் பாடினான்.

மற்ற சேதி நல்லதில்லை. அணைக்கட்டு முடிந்துவிட்டது. ஆற்றோர லயத்து வீடுகளைக் காலி செய்தாயிற்று. உன் அப்பாவைப் புதைத்த இடமும் தண்ணீருக்குள் போகுமாம். எலும்பை எடுத்து மேட்டில் வைக்கலாமா என்று அண்ணன் கேட்டான். மண் போட்ட கையாலேயே தோண்டுவதா? நம் சனத்தில் யாரும் செய்யாத காரியம். வேண்டாம் என்றுவிட்டேன். அவர் தலைமாட்டுச் சவுக்கு மரம்தான் அடையாளம்.

கல்யாணமான புதிதில் அவர் நுவரெலியா ஏரியில் துரைமார் படகுகளைக் கழுவினார். விடியலில், துரைமார் எழும்பும் முன்னே என்னை ஏற்றிக்கொண்டு போவார். அவர் என்னைப் பார்த்து உட்கார்ந்து துடுப்புப் போடுவார், நான் படகின் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிப்பேன். “அடியே, படகு எங்கயும் ஓடிப் போயிறாது, விடு. எனக்கு முதுகுல கண்ணில்ல, நீதான் வழி சொல்லணும்” என்பார். நான் வழியை எங்கே பார்த்தேன்? அவர் முகத்தையே பார்த்திருந்து படகைக் கோரைப்புல்லில் ஏற்றிவிடுவேன். ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி சிரிப்பார்.

அம்மா
அம்மாக்கண்ணு


மணப்பாறை
10.7.1965

அன்புள்ள அம்மாவுக்கு,

அண்ணன் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வரப்போகிறதாம். நீங்கள் மட்டும் அதற்குப் போட்டோ பிடிக்க வரமாட்டேன் என்கிறீர்களாம். அவர்கள் கப்பலேறிய பிறகு அங்கே யாரை நம்பி இருப்பீர்கள்? தண்ணீருக்குக் காவல் இருந்து என்னம்மா ஆகப்போகிறது? அப்பா இருந்தால் ஏசமாட்டாரா?

இங்கே வீடு சின்னது. எங்களைச் சிலோன்காரர்கள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனாலும் உங்களுக்குக் கஞ்சி ஊற்ற நான் இருக்கிறேன். ஒரே ஒரு போட்டோ, அம்மா.

உங்கள் மகள்
நாகலெட்சுமி


டிக்கோயா
26.10.1965

என் கண்ணு நாகலெட்சுமிக்கு,

அண்ணன் வருகிற மாதம் புறப்படுகிறான். பெட்டி எல்லாம் கட்டியாயிற்று.

தீபாவளிக்கு முந்தின நாள் அப்பாவுக்குப் படைக்க வேண்டுமே. மீன் பிடிக்கும் பியதாச தன் படகில் என்னை ஏற்றிக்கொண்டார். துடுப்புப் போடுகிறவர் அவர், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார். “எந்தப் பக்கம், ஆச்சி?” என்று சிங்களத்தில் கேட்டார். நான் வழி சொன்னேன். இந்தத் தடவை ஓரிடத்திலும் தப்பவில்லை.

சவுக்கின் உச்சி மட்டும் வெளியே தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு சோறும் சாராயமும் சுருட்டும் விட்டேன். சோறு உடனே முங்கிவிட்டது. சுருட்டு மட்டும் படகோடு கொஞ்ச தூரம் கூடவே மிதந்து வந்தது.

அடுத்த மழைக்கு அந்த உச்சியும் போய்விடும் என்றார் பியதாச. அப்புறம் இடம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நானும் கப்பலேறிவிட்டால், பின்னால் நீங்கள் யாராவது அவரிடம் வர வழி சொல்ல யார் இருக்கிறார்கள்? அதனால் போட்டோ பிடிக்கவில்லை. மேல் லயத்து மீனம்மா தன் காம்பராவில் ஒரு மூலை தருகிறாள். கோபப்படாதே. அழுதால் அழுதுவிடு, பிள்ளைகளுக்கு முன்னால் வேண்டாம்.

அண்ணன் பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் எல்லோரும் ஒன்றாக நின்று ஒரு புதுப் போட்டோ பிடித்துத் தபாலில் அனுப்பு. எனக்கென்று நடுவில் இடம் விட வேண்டாம். நெருங்கியே நில்லுங்கள்.

அம்மா