அலமாரி மேல் ஓர் அம்மா

ஜூன் 3
குழந்தைக்காக எடுத்த விடுப்பு முடிந்தது. நாளை மறுபடி ஆய்வக வேலை. வாண்டு சுவரைப் பிடித்து நிற்கிறாள். எந்த நேரமும் நடந்துவிடுவாள். அந்த முதல் அடியை நான் பார்க்காமல் போய்விட்டால்? என் புலம்பல் தாங்காமல் அவர் ஒரு கேமரா வாங்கி வந்து அலமாரி மேல் வைத்திருக்கிறார். என் போனில் வீடு தெரியுமாம். நான் பேசினால் அங்கே கேட்குமாம். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப்போகும் அண்ணி — அவருடைய அக்கா — கேட்டது ஒன்றுதான்: "புள்ளையப் பாக்கவா, என்னையப் பாக்கவா?"
இரண்டுக்கும்தான். வெளியே சொல்ல முடியுமா?

ஜூன் 4
கடவுளே! மைக்ரோஸ்கோப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்தேன். தூங்குகிறாள். வயிறு ஏறி இறங்குவது தெரிகிறது! ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் வயிறு! பக்கத்து மேசைக்காரியிடம் காட்டிக்கொண்டே இருந்தேன். "உன் பொண்ணு தூங்கறத நானும் எத்தன தடவதான் பாக்கறது" என்றாள்.

ஜூன் 9
படம் பிந்திப் பிந்தி வருகிறது. என்ன கேமராவோ.

ஜூன் 12
அவரிடம் சண்டை. "போன வாரம் இதப் பாத்துக் கண்ணு கலங்கினியே?" என்றார். அது போன வாரம்.
கல்லூரியில் முதன்முதலாக ரத்த அணுக்களைப் பார்த்த அன்று பிரமிப்பில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. இப்போது லென்ஸில் இருக்கும் தூசிதான் முதலில் கண்ணில் படுகிறது. ஏன் இப்படி ஆகிறோம்? சரி, அது கிடக்கட்டும். நெட்காரனைக் கூப்பிட வேண்டும்.

ஜூன் 15
அண்ணி கேமராவுக்கு நாக்கைத் துருத்துகிறாள். முதுகு சொறிய வேண்டுமென்றால் அதன்மேல் துண்டைப் போட்டுவிடுகிறாள். "எனக்கும் மானம் மரியாதை இருக்குடி!"
இன்னொரு வினை. நான் கேமரா வழியாகவே கொஞ்சிக் கொஞ்சி, வாண்டு அலமாரியைப் பார்த்து "ம்மா" என்கிறாள். அதன் ஒயரைப் பிடித்து இழுக்கிறாள். மாலையில் நான் வந்தால் யாரோ விருந்தாளி என்று பார்க்கிறாள். பயமா இருக்கு. என்னை நானே அலமாரி மேல ஏத்தி வச்சிட்டேனா?

ஜூன் 18
நடந்துவிட்டாள். போனில் பார்த்தேன். சுவரை விட்டாள், ஓர் அடி, இன்னொன்று — அந்த நேரத்தில் என் வாயில் வந்தது: "அண்ணி, அந்த ஜன்னல் திரைய இழுத்து விடுங்க, படம் மங்கலா இருக்கு!"
குரல் கேட்டு வாண்டு அலமாரியை அண்ணாந்து பார்த்தாள். தொப்பென்று விழுந்தாள். ஒரே அழுகை.
அண்ணி கேமராவுக்குக் கிட்டே வந்தாள். மூக்கு மட்டும் தெரிந்தது. "புள்ள நடக்கறா. உனக்குத் திரைதான் தெரிஞ்சுதா?"
கழிவறைக்குப் போய் அழுதேன்.

ஜூன் 19
இனிக் கேமராவில் பேசுவதில்லை. சத்தியம்.
பார்ப்பது? சத்தியத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா.

ஜூன் 27
கதவைத் திறந்தபோது வாண்டு அலமாரியடியில் நின்றிருந்தாள். கூப்பிட்டேன். வழக்கம்போல் மேலே பார்த்தாள். மறுபடி கூப்பிட்டேன். திரும்பினாள். தள்ளாடி, பக்கவாட்டில் சாய்ந்து, சமாளித்து, நேராக என்மேல் வந்து விழுந்தாள். விழுந்த கையோடு என் முதுகைத் துழாவினாள்.
"ஐயோ, உனக்கும் ஒயர் இருக்கான்னு தேடறாடி!" என்று அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள்.
பின்னல் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டே நுனிவரை போனாள். எதிலும் செருகியிருக்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாளே! என்னை அப்படி ஆச்சரியமாக யாரும் பார்த்ததில்லை. தாலி கட்டியவர் உட்பட.
அண்ணி அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறாள். மங்கல்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.