செல்வி சொன்னதில் பாதி

என் கோமதி அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. உனக்கு அஞ்சலிக் கூட்டம் என்று உன் கல்லூரிக்காரர்கள் போன வாரம் குற்றாலத்தில் ஒரு ஓட்டல் மண்டபத்தைப் பிடித்தார்கள். சீசன் நேரம். பாதிப் பேர் பையில் துண்டோடுதான் வந்திருந்தார்கள். அதைக்கூட மன்னித்துவிடுவேன். மேடையில் நடந்ததை மன்னிக்க மாட்டேன்.

உன் பெயரில் ஒரு செயலி வெளியிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் தினமும் போனைத் திறந்து, இன்று மனசு எப்படி இருக்கிறது என்று ஒரு பொம்மை முகத்தைத் தொட வேண்டுமாம். எவ்வளவு நேரம் போன் பார்த்தோம் என்பதையும் அந்தப் போனிலேயே பதிய வேண்டுமாம். பிள்ளைகள் கையிலிருந்து போனை இறக்க வழி தேடி அச்சன்புதூருக்கும் குத்துக்கல்வலசைக்கும் பஸ்ஸில் அலைந்து ஆராய்ச்சி செய்தவளுக்கு இதுவா மரியாதை?

தப்பு என்னுடையதும்தான். கூட்டத்தன்று மண்டபத்தில் பார்வைக்கு வைக்க என்று துறைத்தலைவர் கேட்டதும் உன் நோட்டை யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். தாய்மார்கள் சொன்னதை எழுதி, எழுதியதை அவர்களிடமே வாசித்துக் காட்டி, சரிதான் என்று அவர்கள் சொன்ன பிறகே அடுத்த வீட்டுக்குப் போவாயே, அந்த நோட்டு. அதிலிருந்து ஒரு வரியைப் பிய்த்துத் திரையில் பெரிதாகப் போட்டார்கள்: "போன் இல்லேன்னா எம்பிள்ளைக்குப் படிப்பே இல்ல." கீழே, 'அச்சன்புதூர் செல்வி' என்று பெயர்.

பீடி சுற்றுகிற செல்வியையும் கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். போர்த்திய பொன்னாடையோடு எழுந்து நின்றாள்.

"நான் இம்புட்டுதான் சொன்னேனா? மிச்சம் எங்க? அந்த அம்மா எனக்கு வாசிச்சுக் காட்டுனாங்களே!"

"இது அஞ்சலிக் கூட்டம்மா, பிறகு பேசுவோம்" என்று துறைத்தலைவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசையிலிருந்த நோட்டை எடுத்துக்கொண்டு மேடையேறி மைக்கைப் பிடுங்கினேன். செல்வி சொன்னதை முழுசாக வாசித்தேன்.

"போன் இல்லேன்னா எம்பிள்ளைக்குப் படிப்பே இல்ல. வீட்டுப்பாடத்த டீச்சர் அதுலதான் அனுப்புதாங்க. குடுத்தா திரும்ப வாங்க முடியல, அழுது அடம்பிடிக்கா. டீச்சர்ட்ட போய்ச் சொன்னா, எல்லாரும் செய்யுதாங்க, ஒங்களுக்கு மட்டும் என்னங்காங்க."

அந்தக் கடைசி வரியை வாசித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அது நான் சொன்ன பதில். செல்வியின் மகள் அப்போது என் வகுப்பில்தான் படித்தாள்.

நோட்டில் என் பெயர் இல்லை. செல்வி சொல்லாமலா இருந்திருப்பாள்? தெரிந்துகொண்டேதான் ஞாயிற்றுக்கிழமை தோறும் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனாயா? ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கக் கூடாதா அக்கா?

உன் பெயரைச் செயலியிலிருந்து எடுக்கச் சொல்லி நானும் செல்வியும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். எடுக்கும்வரை அவர்களை விடமாட்டேன். திங்கட்கிழமையிலிருந்து என் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் கிடையாது, கரும்பலகையில்தான். தலைமையாசிரியை விளக்கம் கேட்டிருக்கிறார். கேட்கட்டும்.

நாளைக்குச் செல்வி வீட்டுக்குப் போகிறேன், மன்னிப்புக் கேட்க. அவள் திட்டினால், நீ திட்டாமல் விட்டதையும் சேர்த்து வாங்கிக்கொள்வேன்.

அந்த டீச்சர்,
உன் தங்கை பார்வதி