ஐஸ்லாந்தில் நான்கு நாள்

மாதுங்கா, 12-3-1947, காலை

அபயாம்பாள்,

ஐஸ்லாந்துப் பிரயாணத்திற்கு இடம் கேட்கக் கப்பல் ஆபீசுக்குச் செல்கிறேன். ரசம் மூடியிருக்கிறது, கோவிலிலிருந்து வந்ததும் தாமதியாமல் சாப்பிடு.

“பூகோளம் பூகோளம்னு சொல்லியே பிள்ளையைக் கப்பலேத்தினேளே!” என்று நேற்று நீ அழுததை நான் மறுக்கவில்லை. ஆயினும், யுத்தத்தில் கப்பல் மூழ்கி ஐஸ்லாந்துக் கரையில் உடலாய் ஒதுங்கிய நம் சுந்தரராமனை எரிக்காமல், மந்திரமுமின்றிப் புதைத்துவிட்டார்கள். நான்கு நாளேனும் அவனருகில் இருக்க வேண்டும். நீ வாராவிடினும் செல்வேன்.

எதிர்வீட்டு ஷ்யாமளா கேட்டால், பனிமலை பார்க்கப் போவதாகச் சொல்.

வேங்கடசுப்ரமணியன்

பி.கு.: நம் இருவருடைய அந்திமகாலத்திற்கென மூடிவைத்த கங்கைச் சொம்புகளில், என்னுடையதை அவன் மண்ணில் ஊற்றுவதற்காகப் பெட்டியில் வைத்துவிட்டேன். உன்னுடையதைத் தொடவில்லை.