கடித்தது நான்தான்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு ஆளைக் கடித்தேன்.

எழுதிப் பார்த்தால் நம்பும்படியாக இல்லை. எத்தனை முறை வாய் கொப்பளித்தும் அந்தக் கையின் ருசி போகவில்லை. சிகரெட்டும், தலையில் தடவுகிற ஏதோ எண்ணெயும்.

நடந்தது இதுதான். கடையிலிருந்து வந்ததும் வழக்கம்போல் துரையை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். துரை எங்கள் நாய். பெயர் இவர், என் வீட்டுக்காரர், வைத்தது. ஒரு வேலையும் செய்யாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் எல்லோரையும் அதிகாரம் செய்கிற ஜீவனுக்குப் பொருத்தமான பெயர்தான். அச்சகத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் திரும்பும்போது எவனோ ஒருவன் பின்னாலிருந்து என் கைப்பையைப் பிடித்து இழுத்தான். நான் விடவில்லை. முழங்கை சுவரில் உரசியது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன், பொத்தினான். கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதை வாய்க்குள் வந்தது. கடித்தேன். அவன் போட்ட அலறலில் அச்சகத்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

அந்த நேரத்தில் துரை எங்கே? நின்றிருந்த வேனுக்கு அடியில். வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தது.

வந்தவர்கள் பார்த்தது: கையில் ரத்தத்தோடு ஒரு ஆள், கையில் கயிற்றோடு ஒரு பெண், கயிற்றின் அந்தப் பக்கம் நாய். "நாய் கடிச்சிருச்சா?" என்று ஒருவர் கேட்டார். அவனும் சட்டென்று ஆமாம் என்றான். நான் ஒன்றும் பேசவில்லை. வாயைத் திறந்தால் பல்லில் ரத்தம் தெரியும்.

மார்ச் 5, புதன்

இவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா? தண்டச்சோறுன்னு சொன்னியே, இப்ப என்ன சொல்றே?" என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுத் துரையைக் குளிப்பாட்டி, உடம்பெல்லாம் சீவிவிட்டார். எதிர்வீட்டிலிருந்து, மாடியிலிருந்து, எனக்குத் தெரியாத வீடுகளிலிருந்தெல்லாம் வந்து அதைத் தடவிக்கொடுத்தார்கள். துரை மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. வீரனுக்கு அடக்கம் ஜாஸ்தி என்றார் மாடிவீட்டுக்காரர்.

என்னை ஒருவரும் கேட்கவில்லை. பயந்துவிட்டாயா என்றுகூட. முழங்கைச் சிராய்ப்புக்கு நானே மருந்து போட்டுக்கொண்டேன்.

சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? என் வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். முன்பின் தெரியாதவர்களின் முகத்துக்குப் பக்கத்தில் என் முகத்தைக் கொண்டுபோய், பிரேம் மூக்கில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, காதை அழுத்துகிறதா என்று நாள் முழுக்கப் பார்க்கிறேன். கடிக்கிற பொம்பளை என்று பெயர் கிளம்பிவிட்டால் எந்த மூக்கு என்னிடம் வரும்?

பெயரைத் துரையே வைத்துக்கொள்ளட்டும். எனக்கென்ன நஷ்டம்.

மார்ச் 6, வியாழன்

பத்திரிகையில் வந்துவிட்டது. 'எஜமானியைக் காத்த வீர நாய்.' படத்தில் துரை பெரிய மனுஷன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நான் முழங்கை வரைக்கும் இருக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

துரையைக் கொண்டுபோய்விட்டார்கள்.

நகராட்சியின் விலங்குப் பிரிவிலிருந்து கூண்டு வைத்த வண்டியில் இரண்டு பேர் வந்தார்கள். கடிபட்டவர் புகார் கொடுத்திருக்கிறாராம். பை பறித்ததைச் சொல்லக் காவல் நிலையத்துக்குப் போன அன்று அவனைப் பார்த்தபோது கையில் முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தான். கட்டைவிரலுக்குக் கீழே கடித்ததற்கு முழங்கை வரை எதற்கு? அன்றிலிருந்து எனக்கு அவன் கட்டுக்கை. நான் தடுமாறி விழப்போனதாகவும், தான் தாங்கிப் பிடிக்க வந்ததாகவும், நாய் தப்பாகப் புரிந்துகொண்டு பாய்ந்ததாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறான். பை என்னிடமே இருப்பதால் திருட்டும் இல்லையாம். விட்டிருந்தால் திருட்டு. விடாததால் ஒன்றுமில்லை.

நாய் கடித்ததற்குச் சான்றாகப் பத்திரிகைச் செய்தியை வெட்டி ஒட்டியிருக்கிறான். அதில் இவர் சொன்னது கொட்டை எழுத்தில் இருக்கிறது: "எங்கள் நாய் சும்மா விடாது."

துரை வாலை ஆட்டிக்கொண்டே வண்டியில் ஏறியது. எங்கேயோ சுற்றிக்காட்டக் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

கொழுந்தன் வந்தான். இவருடைய தம்பி, வக்கீல். உட்கார்ந்து நிதானமாக விளக்கினான்.

"சட்டம் நம்ம பக்கம்தான் அண்ணி. வளர்க்கிறவங்களை ஒருத்தன் தாக்கும்போது நாய் கடிச்சா அது குத்தமே இல்லை."

"அப்ப விட்டுருவாங்கள்ல?"

"அவன் தாக்கினான்னு நிரூபிக்கணும். அந்தக் கேஸ் எடுக்கறதுக்கு அடுத்த வருஷம் ஆயிடும்."

"நாய் கேஸு?"

"அடுத்த வாரம்."

"நிரூபிக்கலைன்னா?"

பேனா மூடியைக் கழற்றினான், மாட்டினான். "கடிக்கிற நாய்னு முடிவு பண்ணி ஊசி போட்டு முடிச்சிருவாங்க. ஆனா கவலைப்படாதீங்க அண்ணி. அடுத்த வருஷம் நாம ஜெயிச்சிட்டா, துரை நிரபராதின்னு தீர்ப்பிலேயே எழுத வெச்சிடலாம்."

இவனைப் படிக்கவைக்க எங்கள் வீட்டில் என்ன பாடு பட்டோம்.

மார்ச் 12, புதன்

சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம், "துரை கடிக்கலை, நான்தான் கடிச்சேன்" என்றேன்.

கையை அப்படியே தட்டில் வைத்தார். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. அப்பாடா, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். "துரைமேல உனக்கு இவ்வளவு பாசமா?" என்றார்.

"பாசமில்லைங்க. நெஜமாவே கடிச்சேன்."

"நீயா? பல்லி விழுந்தா பக்கத்து வீட்டுக்கு ஓடறவ நீ." தம்பிக்கு உடனே போன் போட்டார். கொழுந்தனுக்கு ஒரே சந்தோஷம். "அண்ணி, பிரமாதமான பாயிண்ட். எனக்கே தோணலை. ஆனா யாராவது நம்பணுமே."

உண்மையைச் சொன்னால் கெட்டிக்காரி என்கிறார்கள். என்ன பிழைப்பு இது?

மார்ச் 14, வெள்ளி

துரையைப் பார்க்கப் போனேன். கூண்டில் ஒரு அட்டை: 'கடிக்கும் நாய். அருகில் செல்லாதீர்கள்.' உள்ளே அதைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் பாதத்தில் தலையை வைத்துக் கடிக்கும் நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

"பக்கத்துக் கூண்டுப் பூனை கத்தினாலே இது நடுங்குதும்மா. இதா கடிச்சிச்சு?"

"இல்லைங்க. நான்தான் கடிச்சேன்."

பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். என்னை நம்பிய முதல் மனிதர்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். அந்த உதவாக்கரைக்காகத்தான் அழுதேன். வேனுக்கு அடியில் ஒளிந்ததைத் தவிர அது ஒரு பாவமும் செய்யவில்லை. என்னால் ஒளிய முடிந்திருந்தால் நானும் அங்கேதான் இருந்திருப்பேன். நான் வாய் திறக்காததால் அது சாகணுமா? என்ன நியாயம்?

மார்ச் 18, செவ்வாய்

நாளை விலங்குப் பிரிவு அலுவலகத்தில் விசாரணை. முதலாளியிடம் லீவு கேட்டேன். "நாய்க்கு என் ஆசீர்வாதம்னு சொல்லுங்க" என்றார்.

மார்ச் 19, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அறை சின்னது. மேஜைக்குப் பின்னால் அதிகாரி, ஐம்பது வயது இருக்கும் பெண்மணி. கண்ணாடி இடப்பக்கம் சரிந்திருந்தது. எழுந்துபோய்ச் சரிசெய்யக் கை பரபரத்தது. ஓரத்தில் காவல் நிலையத்திலிருந்து ஒருவர். எதிரே கட்டுக்கையும் அவன் வக்கீலும். அந்த வக்கீல் காயத்தைப் பெரிய பெரிய படங்களாக எடுத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வேறு வைத்து, பலகையில் வரிசையாக ஒட்டியிருந்தார். நாயின் கொடூரத்தை எல்லோரும் பார்க்க வேண்டுமாம்.

என் முறை வந்தது. எழுந்து சொன்னேன். "நாய் கடிக்கலைங்க. நான் கடிச்சேன்."

அதிகாரி எழுதுவதை நிறுத்தவில்லை. "இந்த நாற்காலியில உட்கார்ந்து இதே மாதிரி நிறைய கேட்டிருக்கேம்மா. போன மாசம் ஒருத்தர் தன் பையன் கடிச்சான்னு சொன்னாரு. பையனுக்குப் பல்லே முளைக்கலை."

எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார். அவர் முகம்தான் வெளிறிப்போயிருந்தது. "இதை அனுமதிக்கவே கூடாதுங்க. நாய் கடிச்சா ஏன் கடிச்சுதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. மனுஷி கடிச்சான்னா, கை எதுக்கு வாய்கிட்ட போச்சுன்னு கேப்பாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அதிகாரி முதல்முறையாக நிமிர்ந்தார்.

"கேக்கறேன். கை எப்படிங்க அங்க போச்சு?"

கட்டுக்கை தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தான். "விழப்போனாங்க, பிடிச்சேன்."

"வாயிலயா பிடிச்சீங்க?"

"கிடைச்ச இடத்துல."

"ஆனா கடிச்சது நாய்தான்?"

"நாயேதான். இந்த அம்மா கத்தக்கூட இல்லை." அதற்கு மேல் அசைந்துகொடுக்கவில்லை. டாக்டர் சீட்டிலும் நாய்க்கடி என்றே இருந்தது. இவன் சொன்னதை அவர் அப்படியே எழுதியிருக்கிறார். கொழுந்தன் என் பக்கம் குனிந்து, "நல்லா ட்ரை பண்ணோம் அண்ணி" என்றான். ட்ரையாம். போச்சு, துரை போச்சு.

அப்போது பார்த்தால் இவர் எழுந்து பலகைக்கு முன்னால் நிற்கிறார். யாரையும் கேட்காமல் போய்விட்டார். மூக்கு படத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்திருந்தார். பிறகு மெல்ல விரலை வைத்தார்.

"இது இவளோட தெத்துப்பல்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் அதிகாரி.

"இருபத்திரண்டு வருஷமா எதிர்ல உட்கார்ந்து சாப்பிடறேங்க. மேல் வரிசையில வலப்பக்கம், பக்கத்துப் பல்மேல ஏறி உட்கார்ந்திருக்கும். கொய்யாப்பழம் கடிச்சா இப்படித்தான் இருக்கும்." என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. "நெஜமாவே நீதானா?"

அப்புறம் நடந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. கடித்துக் காட்டச் சொன்னார்கள். எதைக் கடிப்பது? கடைசியில் கை கழுவும் இடத்திலிருந்து ஒரு சோப்புக் கட்டியைக் கொண்டுவந்தார்கள். கடித்தேன். அதிகாரி சோப்பையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஸ்கேலை வைத்து அளந்தார். ஸ்கேல் எதிர்க்கட்சி வக்கீல் கொடுத்ததுதான். நான் நுரை தள்ளிக்கொண்டு நின்றேன். காவல் நிலையத்துக்காரர் கட்டுக்கைக்குப் பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார்.

"ரொம்பப் பயந்துட்டீங்களா அன்னிக்கு?" அதிகாரிதான் கேட்டார், சாதாரணமாக, தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்திக்கொண்டே.

என்ன பதில் சொன்னேன் என்று தெரியவில்லை. அழுதுவிட்டேன். பயந்தேன்தான். செத்துப்போவேன்னு நினைச்சேன். அதைக் கேக்கறதுக்கு நாய் ஆபீசுல ஒரு ஆள் வேண்டியிருக்கு எனக்கு.

துரையை விடுவதில் ஒரு சிக்கல். அவர்கள் விதிப்படி கடி என்று ஒன்று பதிவாகிவிட்டால், கடித்த பிராணி ஒன்று இருந்தாக வேண்டும், அது ஒரு பொறுப்பாளரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். துரை பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார்கள். பொறுப்பாளர் என்று இவர் கையெழுத்துப் போட்டார். "கட்டிப்போடணுமா?" என்று கேட்டதற்கு, "அது உங்க இஷ்டம்" என்றார் அதிகாரி.

பஸ்ஸிலிருந்து இறங்குகிற நேரத்தில் இவர், "அவன் வாயைப் பொத்தினானா?" என்றார். ஆமாம் என்றேன். முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். சிராய்ப்பு காய்ந்து உதிர ஆரம்பித்துவிட்டது. "நான் இதைக்கூடப் பாக்கலையே" என்றார்.

மார்ச் 20, வியாழன்

துரை வந்துவிட்டது. கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. நேராகப் போய்ச் சோபாவில் ஏறிப் படுத்துக்கொண்டது. கோபம் வந்தது, கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 24, திங்கள்

கடையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முதலாளி, "கொஞ்சம் தள்ளி நின்னே அளவு எடுங்கம்மா" என்றார். மதியம் வந்த ஒருவர் நான் பிரேமை மாட்டும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஆனால் ஒன்று, காத்திருக்கிறவர்கள் யாரும் இப்போது என்னிடம் குரலை உயர்த்துவதில்லை. மாலையில் ஒரு அம்மாள் வந்து, கண்ணாடி வேண்டாம், சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். என்னைத்தான்.

மாடிவீட்டுக்காரர் துரையை இப்போது தடவுவதில்லை. துரைக்கு ஏன் என்று புரியவில்லை. பாவம்.

ஏப்ரல் 2, புதன்

கட்டுக்கை மேல் வழக்குப் பதிவாகிவிட்டதாகக் கொழுந்தன் சொன்னான். அடுத்த வருஷம் வரை இழுத்தாலும் பரவாயில்லை. நான் இருப்பேன்.

சாயந்திரம் துரையைக் கூப்பிட்டேன், எழுந்து வரவில்லை. சரி என்று நான் மட்டும் செருப்பை மாட்டினேன். அந்த நேரம் பார்த்து விலங்குப் பிரிவிலிருந்து போன். கண்காணிப்பில் இருப்பவர்களைப் பற்றி விசாரிப்பது அவர்கள் வழக்கமாம். இவர்தான் எடுத்தார்.

"இல்லைங்க, இந்த வாரம் யாரையும் கடிக்கலை. நல்லா சாப்பிடறாங்க. இப்பவா? வெளியில கிளம்பிட்டிருக்காங்க. ஆமா, தனியாத்தான்." அந்தப் பக்கத்தில் ஏதோ கேட்டார்கள். இவர் என்னைப் பார்த்தார். "அவங்களுக்கு எதுக்குங்க துணை?"

அச்சகத்துச் சந்து வரை போய்விட்டு வந்தேன்.