நேர் ரோட்டில் காலை எடுக்கச் சொல்லும் விதி

கட்டிக்கொண்டு நாற்பது வருஷமானாலும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் கடைசிவரை மாமா என்றே நான் கூப்பிட்ட என் மாமாவுக்கு,

நீங்கள் போன பிறகு கார் பந்தயத்தின் விதிகளை மறுபடியும் மாற்றிவிட்டார்கள். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது? நம் தெருவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் பந்தயத்தைப் பார்த்த வீடு நம்முடையது ஒன்றுதான். வாரமெல்லாம் வெள்ளிமலைக்கு பஸ் ஓட்டிவிட்டு, கிடைத்த ஒருநாள் ஓய்விலும் இன்னொருவன் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்காருவீர்கள். குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தே, எந்த வளைவில் எவன் எப்போது பிரேக் போடுவான் என்று சொல்லும் அளவுக்கு நானும் ஆகிப்போனேன்.

இப்போது நம் பிள்ளை சேகர் தன் போனில் போட்டுக் காட்டுகிறான். போன ஞாயிறும் பார்த்தோம். உங்கள் ஆள் இன்னும் ஓட்டுகிறான் மாமா. வளைவுக்குக் கிட்டே போய்க் கடைசி நொடியில் பிரேக் போடுவானே, அவன்தான். முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தான். நீளமான நேர் ரோடு. வளைவு வர இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறது, அதற்குள் அவன் வேகம் குறைந்துவிட்டது. பின்னால் வந்த இளவட்டம் ஒருவன் சர்ரென்று தாண்டிப் போனான்.

"இன்னாடா, வண்டி ரிப்பேரா?" என்றேன்.

"ரிப்பேர் இல்லம்மா. பேட்டரி தீந்துபோச்சு. இப்ப வண்டிக்குப் பாதி பலம் பெட்ரோலு, பாதி பேட்டரி. முன்னாடியே ஆக்சிலேட்டர்லருந்து காலை எடுத்தாத்தான் சார்ஜ் ஏறும். பின்னால வந்தவன் சேத்து வெச்சிக்கினு இருந்தான். தாண்டிக்கினு பூட்டான்."

"நேர் ரோட்டுல காலை எடுக்கறதுக்கு எதுக்குடா பந்தயம்? நம்ம ஊரு ஷேர் ஆட்டோவை உடச் சொல்லு, நல்லா எடுப்பான்."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பந்தயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்கள். என்னவென்று கேட்டேன். "அவருக்கு வயசாயிடுச்சாம்மா, முன்ன மாதிரி ஓட்ட வரலயாம்" என்றான். பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம் வரைக்கும் வந்தது இந்த வருஷம் எங்கே போய்விடும்? அவன் கால் அப்படியேதான் இருக்கிறது. அந்தக் கால் தெரிந்துவைத்திருப்பதை இப்போது யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இதை வைத்து நாம் எத்தனை சண்டை போட்டிருக்கிறோம். நடுவில் பெட்ரோல் ஊற்றக் கூடாது என்றார்கள். டயரை மாற்றினார்கள். பின்னால் வருபவன் தாண்டிப் போக, அவனுக்கு மட்டும் வண்டியின் பின்றெக்கையைத் திறந்துவிட்டார்கள். எஞ்சினைச் சின்னதாக்கினார்கள், சத்தம் கொசு மாதிரி ஆனது. ஒவ்வொரு தடவையும் ஜெயித்துக்கொண்டிருந்தவன் தோற்பான், பேர் தெரியாதவன் ஜெயிப்பான். எனக்கு ஆத்திரமாக வரும். நீங்கள் மட்டும் அசைய மாட்டீர்கள்.

"விதி மாறினா மாறட்டும்டி. நல்ல டிரைவரு நாலு பந்தயத்துல கையை மாத்திக்குவான்."

"அப்போ அந்த நாலு பந்தயத்துலயும் அவன் கெட்ட டிரைவரா?"

"உன்கிட்ட பேசறதுக்கு நான் மலைக்கே இன்னொரு டிரிப் பூடலாம்."

அந்த இளவட்டத்தையும் நான் குறை சொல்லவில்லை மாமா. எங்கே சேர்க்கலாம், எங்கே செலவழிக்கலாம் என்று அந்த வேகத்திலும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போகிறான். அதுவும் திறமைதான். ஆனால் ஒரு திறமையை மேலே வைப்பதற்கு இன்னொன்றை ஏன் செத்துப்போனது என்று சொல்ல வேண்டும்?

உலகத்துப் பந்தயம் எப்படியோ போகட்டும் என்று விட்டிருப்பேன். அதே விதி நம் வீட்டுக்குள் வந்துவிட்டதே.

சேகர் ஓட்டுகிற மினி பஸ் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறான். வண்டிக்கு வண்டி ஒரு மீட்டர் மாட்டி, யார் எவ்வளவு டீசல் மிச்சம் பிடித்தார்கள் என்று தினம் சாயங்காலம் எல்லார் போனுக்கும் பட்டியல் அனுப்புகிறான். மேலே இருப்பவன் நல்ல டிரைவர், கீழே இருப்பவன் மோசமான டிரைவர். நம் பிள்ளை பெயர் எப்போதும் அடியில்தான். ஏனென்றால் மற்றவர்கள் மலையிலிருந்து இறங்கும்போது கியரை விடுவித்து நியூட்ரலில் உருளவிட்டு, பிரேக்கை மட்டும் நம்பி வருகிறார்கள். இவன் உங்களைப் போல, ஏறின கியரைப் போட்டே இறங்குகிறான். எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் சரிவு குறைகிற இடத்திலெல்லாம் ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும், டீசல் கூடப் போகும். இந்த மாதமும் அடியில் இருந்தால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டான்.

பந்தயம் முடிந்ததும் போனை அணைத்துவிட்டு சேகர் என்னைக் கேட்டான்: "நாளைலருந்து நானும் நியூட்ரல்ல உட்டுடலாம்னு பாக்கறேன்மா. அப்பா இருந்தா இன்னா சொல்லுவாரு? விதிக்கு ஏத்தமாரி கையை மாத்திக்கடான்னுதான சொல்லுவாரு?"

நீங்கள் சொன்னதுதானே அது. ஆனால் நீங்கள் ஒருநாளாவது மாற்றிக்கொண்டீர்களா?

உங்கள் கம்பெனியிலும் டீசல் மிச்சம் பிடித்தவருக்கு எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். மூன்று வருஷமும் உங்களோடு ஓட்டின கோபாலுக்கே போனது. அவன் பெண்டாட்டி அதைத் தூக்கிக்கொண்டு நம் வாசல் வழியாகவே தண்ணிக்குப் போவாள். இன்றைக்கும் அவளோடு எனக்குப் பேச்சு இல்லை, இனியும் இருக்காது. அந்த மூன்றாம் வருஷம் நான் உங்களைக் கேட்டேன்: "ஊருக்கெல்லாம் கையை மாத்திக்கன்னு சொல்றீங்களே, எல்லாரும் ஓட்டறாங்க, உங்களுக்கு மட்டும் இன்னா வந்துச்சு?"

மறுநாள் என்னை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், மலை இறங்கிக் கச்சிராயபாளையத்தில் நிறுத்தினீர்கள். முன்னால் வந்த கோபால் பஸ்ஸின் சக்கரத்தில் ஒருவன் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். ஆவி பறந்தது, பிரேக் தீய்ந்த வாடை மூக்கில் ஏறியது. உங்கள் பஸ்ஸின் சக்கரத்துக்கு நடுவில் என் கையைப் பிடித்து வைத்தீர்கள். கை வைக்க முடிந்தது. அப்போதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதுக்கு எவன் குடம் குடுப்பான்?" என்றேன். நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. அடுத்தவர்மேல் உள்ள கோபத்தையே விடாதவள், என்மேல் உள்ளதை எப்படி விடுவேன்?

உங்கள் பேச்சு ஒன்று, ஓட்டினது ஒன்று. இரண்டில் எது நிஜம் என்று நீங்கள் இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும். இப்போது நானாகத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. பந்தயத்தில் விதியை மாற்றினால் அதற்கேற்ற மாதிரி வண்டியையும் புதிதாகச் செய்து கொடுக்கிறார்கள். டிரைவர் கையை மாற்றிக்கொள்ளலாம். நம் மலையில் சரிவும் அதேதான், பிரேக்கும் அதேதான், பட்டியல் மட்டும் புதுசு. பின்னால் சாமை மூட்டையோடும் கைக்குழந்தையோடும் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சேகரிடம் உங்கள் பெயரைச் சொல்லி நான் பொய் சொல்லவில்லை. "உங்கப்பா இன்னா சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாதுடா. கேக்காம உட்டுட்டேன். நான் சொல்றேன், கியர்லயே எறங்கு" என்றேன்.

"வேலை பூட்டா?"

நான் எழுந்து போய் விளக்கை அணைத்தேன். அவன் என்ன முடிவு செய்தான் என்று சொல்லாமலே காலையில் வண்டிக்குப் போனான். சாயங்காலம் அவன் போனைப் பார்த்தேன், பட்டியல் வந்திருந்தது. அவன் பெயர் அடியில் இருந்தது. அதைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்ட அம்மா இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மருமகள் செல்வியும் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் சுண்டிப்போனது. பாவம், இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கிறவள். "எல்லாரும் ஓட்டறாங்க, இவருக்கு மட்டும்..." என்று ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். உங்களிடம் நான் கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் அவளிடம் சொன்னேன்.

மாதம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. அவன் வேலை நிற்குமா, போகுமா, தெரியாது. போனாலும், "உங்களுக்கு மட்டும் இன்னா வந்துச்சு" என்று உங்களிடம் நான் கேட்ட அந்தக் கேள்வியை இந்த வீட்டில் யாரும் அவனைக் கேட்கமாட்டார்கள் மாமா. நான் உயிரோடு இருக்கிறவரை கேட்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்களிடம் கேட்டுவிட்ட
உங்கள் அத்தை மகள்