பன்னிரண்டில் தொடங்கும் கைத்தட்டல்

இன்று காலை ஷேர் ஆட்டோ பம்மல் திருப்பத்தில் நின்றபோது, ஒரு பட்டறையிலிருந்து தோலும் பசையும் கலந்த வாசனை வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் நன்றாக மூச்சை இழுத்தேன். உன் பழைய பள்ளி ஷூவின் அடியில் உன் அப்பா குட்டி ஆணிகள் அடித்துத் தந்த நாளின் வாசனை அது. மொட்டை மாடியில் நீ குதிகாலைத் தட்டியதும் கீழ்வீட்டு அக்கா கத்தினார்.

"இன்னாடி, வூட்ட இடிக்கிறீங்களா?"

"ஸ்பெயின் டான்ஸ் அக்கா."

"அத்த ஸ்பெயின்ல போய் ஆடு."

அந்த ஊர்ப் பாப் பாட்டுகள்மேல் உனக்கு அப்படி ஒரு பித்து. ஃபிளமெங்கோ என்னும் அவர்களுடைய பழைய பாட்டின் கைத்தட்டலும் தொண்டை கிழியும் கூவலும் கிட்டாரும் அந்தப் புதுப் பாட்டுகளுக்குள் அப்படியே இருக்கும். "உலகமே கேக்குது, ஆனா அவங்க தெருவ விட்டுக் குடுக்கல பாத்தியா? நாமதான் நம்ம கானாவ கேலி பண்றோம்" என்பாய். நான் தேடித்தேடி வரிகளுக்குப் பொருள் கண்டுபிடித்துத் தருவேன். தாளம்தான் எனக்கு வராது. ஒன்றிலிருந்து எண்ணி ஒவ்வொரு முறையும் தவறுவேன். "பன்னெண்டுல ஆரம்பிடி, கடிகாரம் மாதிரி" என்று சொல்லி, பன்னிரண்டு, மூன்று, ஆறு, எட்டு, பத்து என என் முதுகிலேயே தட்டிக் காட்டினாய்.

பள்ளி ஆண்டு விழாவுக்குப் பெயர் கொடுத்தபோது மிஸ், "வெஸ்டர்ன்லாம் வேணாம்மா" என்றார். அடுத்த ஆண்டு கேட்கலாம் என்றாய். அதற்குள் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இந்த ஆண்டு உன் தோழிகள் நாங்கள் நான்கு பேர் போய்க் கேட்டதும் மிஸ் கண் கலங்கிச் சம்மதித்தார். நிகழ்ச்சி நிரலில் 'நினைவஞ்சலி' என்று எழுதப் போனார்.

"டான்ஸ்னே போடுங்க மிஸ். பாவம் பாத்துக் கைதட்டுனா அவளுக்குப் பிடிக்காது" என்றேன்.

மூன்று பேர் ஆடினார்கள். நான் மைக் முன்னால் நின்று, நீ சொல்லித் தந்தபடி பன்னிரண்டில் தொடங்கித் தட்டினேன். பாட்டு சூடு பிடித்ததும் கூட்டம், சினிமாப் பாட்டுக்குத் தட்டுவதுபோல ஒரே சீராகத் தட்டத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் எங்கள் தாளம் முழுகிப் போனது. கால்கள் தடுமாறின. "ஏய், சுளுக்கிக்கிச்சா?" என்று பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். இன்னும் கொஞ்சம் போயிருந்தால், மிஸ் எழுதப் போன சொல்தான் எங்களுக்குப் பொருந்தியிருக்கும்.

நடு வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். உன் அம்மா. எட்டில் ஒரு தட்டு, பத்தில் ஒரு தட்டு, பன்னிரண்டில் ஓங்கி ஒரு தட்டு. ஒற்றை அறை வீட்டில் இரண்டு வருடம் உன்னோடு அதைக் கேட்டவர் அல்லவா. பக்கத்தில் இருந்தவர்கள் அவர் கையைப் பார்த்துத் தட்டினார்கள். தாளம் வரிசை வரிசையாகப் பின்னால் போனது. தடுமாறிய குதிகால்கள் மீண்டும் தாளத்தைப் பிடித்தன. கடைசியில் அந்தப் பையன்களும் சரியான இடத்தில் தட்டினார்கள்.

முடிந்ததும் ஒரே விசில். உன் அம்மா மூச்சு வாங்கச் சிரித்து, "கை எரியுதுடி" என்றார்.

மறுநாள் கேன்டீனில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் பாவம் என்று சொல்லவில்லை. "அந்த டான்ஸ் செமடி" என்றார்கள். நாங்கள் ஏன் ஆடினோம் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. இட்லித் தட்டை ஏந்தியபடி, தலை நிமிர்ந்து, அவர்களைக் கடந்து போனேன். அந்த நிமிர்வு இன்னும் என்னிடம் இருக்கிறது.