பஜ்ஜி வாசம் வீசிய ஜெனரேட்டர்

நேற்று கொட்டகையைக் கழுவும்போது உன் கையுறை ஒன்று கிடைத்தது. வலது கை. பீப்பாய்க்குப் பின்னால் விழுந்து, எண்ணெய் ஊறி விறைத்துக் கிடந்தது. முகர்ந்து பார்த்தேன். பஜ்ஜி எண்ணெய், கொஞ்சம் ரப்பர், அவ்வளவுதான். அழுகை வரும் என்று சிறிது நேரம் நின்றேன். வரவில்லை. கழுவிக் கொடியில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் இப்படித்தான் இருக்கிறது. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போய்க் கிடக்குமே, அதுபோல.

கரையான்சாவடியில் உன் அம்மா பஜ்ஜி போடும் தள்ளுவண்டிக்கு நான் தினமும் வருகிறவன். முதலில் அவ்வளவுதான் நம் பழக்கம். விருதுநகரிலிருந்து பாரிவாக்கத்து அடுக்குமாடி ஒன்றுக்குக் குடிவந்த குடும்பம் எங்களுடையது. இங்கே எனக்கு யாரையும் தெரியாது. ஒருநாள் சாயங்காலம் பைக்கில் ஒருவர் வந்து, சட்டியில் கறுத்துப்போன எண்ணெயைக் கேட்டார்.

"இத்த வாங்கி இன்னா பண்ணுவ?" என்றாய் நீ.

வடிகட்டிச் சின்னக் கடைகளுக்குக் கொடுப்பதாக அவர் கூசாமல் சொன்னார். நீ அந்த எண்ணெய் இருந்த கேனை இழுத்து உன் காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாய். "எங்கம்மா சட்டில கருகுன எண்ணெ இன்னொருத்தன் ஊட்டுப் புள்ள வயித்துக்குப் போவணுமா? கெளம்புண்ணா."

வாய் நிறைய வாழைக்காய் பஜ்ஜியோடு நான்தான் சொன்னேன், இதை டீசலாக மாற்றலாம் என்று. வேதியியல் படித்த மிதப்பில் சொன்ன பேச்சு. அதன் பிறகு நீ என்னை விடவில்லை. நான் படித்த கல்லூரியில் கெஞ்சி ஒரு கொட்டகை வாங்கினோம். என்னோடு படித்த ஷபானாவும் சேர்ந்தாள். பூந்தமல்லியில் அவள் வீட்டில் சமோசா போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பார்கள். அதனால் பழைய எண்ணெய் கேட்டுப் போன எந்தக் கடையிலும் அவள் பேச்சு எடுபட்டது.

எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது தெரியாமல், முதல் தடவை மெத்தனாலையும் காஸ்டிக் சோடாவையும் சேர்த்துவிட்டேன். மொத்தமும் சோப்புக் கூழாகிவிட்டது. எனக்கு அவமானம். நீ அதை அள்ளிக் கையில் தேய்த்துக் கழுவினாய். "மாமே, டீசல் கேட்டா சோப்பு குடுக்கிற. பரவால்ல, அழுக்கு நல்லா போவுது." மூன்றாவது தடவை, அடியில் கசடு தங்கி, மேலே தேன் நிறத்தில் எரிபொருள் தெளிந்து நின்றது.

அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தவன் நீதான். ஷாமியானா வாடகைக் கடையில் வேலை பார்த்ததால் நீ பார்த்த சாவு வீடுகள் அதிகம். கரண்ட் போனால் உடலை வைத்திருக்கும் ஃப்ரீசர் பெட்டி நின்றுவிடும். சொந்தக்காரர்கள் செய்வதறியாமல் ஐஸ் தேடி ஓடுவார்கள். கடையில் கழித்துப்போட்ட டீசல் ஜெனரேட்டரைக் கேட்டு வாங்கி நீயே பழுது பார்த்தாய். சுற்று வட்டாரத்தில் எந்தச் சாவு வீட்டில் கரண்ட் இல்லையென்றாலும் கொண்டுபோய் வைத்தோம். "அங்க ஒரு டீ கூடக் குடிக்கக் கூடாது" என்பது நீ போட்ட சட்டம்.

பாரிவாக்கத்து வீடு ஒன்றில், ஜெனரேட்டர் புகையின் வாசத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண், "யாரும்மா பஜ்ஜி போடுறாங்க?" என்று கேட்டாள். கணவனை இழந்த அந்த அம்மா சட்டென்று சிரித்துவிட்டார். பிறகுதான் வாய்விட்டு அழுதார். எனக்குக் கூச்சமாக இருந்தது. "அதுவரிக்கும் கல்லு மாரி குந்திகினு இருந்தாங்க, பார்த்தியா?" என்று நீ மெதுவாகச் சொன்னாய்.

சென்ற மழைக்காலத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, உதவிக்கு வந்த நால்வரோடு ஜெனரேட்டரைத் தலைக்குமேல் தூக்கி ஒரு சாவு வீட்டுக்கு நீ நடந்தாய். உன் குதிகாலில் வெட்டுக்காயம் இருந்தது. பத்து நாள் கழித்துக் காய்ச்சல் என்றாய். "மாத்திரை போட்டுட்டு வாடா, வடிகட்ட ஆள் இல்ல" என்றேன். வந்தாய். அன்று முழுக்க வடிகட்டினாய். கண் மஞ்சளாக இருப்பதை ஷபானாதான் கவனித்தாள். எலிக்காய்ச்சல், வெகுவாக முற்றிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். மூன்றே நாள்.

மஸ்கட்டிலிருந்து உன் அண்ணன் வந்துசேரச் சாயங்காலம் ஆகும். அன்றைக்குப் பார்த்துப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் ஐந்து வரை கரண்ட் இல்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே போய் ஜெனரேட்டரைக் கொண்டுவந்தேன். ஊற்றியது நீ வடிகட்டிய எண்ணெயில் செய்தது. உன் வீட்டுச் சந்தில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். ஷபானா இரண்டு தடவை வந்து கூப்பிட்டாள். "உள்ள வந்து ஒருவாட்டி பாரு."

"டீசல் தீருதான்னு பாக்கணும்" என்றேன். டேங்க் பாதிக்குமேல் இருந்தது.

மத்தியானம் உன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். காய்ச்சலோடு உன்னை வேலைக்குக் கூப்பிட்டதைச் சொல்லிவிட்டேன். அவர் ஜெனரேட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீ கூப்டலன்னாலும் வந்திருப்பான் நைனா. நான் போவாதன்னேன், கேட்டானா?" பிறகு, "உள்ள வா" என்றார். நான் போகவில்லை. ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. ஜெனரேட்டரை அணைத்தேன். உன்னைத் தூக்கியபோதும் கூட்டத்தின் பின்னால், முகம் தெரியாத தூரத்தில்தான் நின்றேன்.

உன் அம்மா ஒரு மாதம் கழித்து வண்டியைத் திறந்தார். கேனை அவரே என் கையில் தருகிறார். நானும் ஷபானாவும் வடிகட்டுகிறோம், காய்ச்சுகிறோம். யாருக்காவது லேசாகத் தலைவலி என்றாலும் அவள் அவர்களைக் கொட்டகைக்குள் விடுவதில்லை.

போன வாரம் நெமிலிச்சேரியில் ஒரு வீடு. வயதான அம்மா ஒருவர் இறந்திருந்தார். ஜெனரேட்டரை ஓடவிட்டு வாசலில் உட்காரப் போனவன், ஏனோ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பெட்டியின் கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. அதைக் கையால் துடைத்துவிட்டு அந்த முகத்தை முழுதாகப் பார்த்தேன். நெற்றி, மூக்குத்தி, மூடிய இமைகள்.

"நீங்க யாருப்பா?" என்று அவர் மகள் கேட்டார்.

"ஜெனரேட்டர் கொண்டாந்தவங்க."

அவர் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.